நீ விட்டுச்சென்ற ஹெட்போனும் என் வலது காதும்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு தோறும் நீ போனில் கேட்கும் ஒரு கேள்விக்கு நான் இதுவரை ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "ஹெட்போன் எப்படிப்பா இருக்கு?" என்பாய். "நல்லாருக்குப்பா" என்பேன். நீ அடுத்ததைக் கேட்பதற்குள் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுதும் சொல்லவில்லை. ஹெட்போன் வாங்கியவர்கள் சில மாதங்கள் பயன்படுத்திவிட்டுத் தங்கள் அனுபவத்தை எழுதும் இணையக் குழு ஒன்று இருக்கிறது என்றும், நான் தமிழில் எழுதிக் கொடுத்தால் அங்கே அப்படியே போடுவதாகவும் சொல்லியிருந்தாய். அதற்காக உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் இது. பாதிக்கு மேல் ஹெட்போனைப் பற்றி இராது. என் வலது காது போய்க்கொண்டிருக்கிறது, தம்பி. அதை இப்போதே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை அதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். முதலில் நீ படி. பிறகு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீயும் மருமகள் கயல்விழியும் நெதர்லாந்துக்குக் கிளம்பிய வாரம் இந்த வீடு பெட்டிகளாக இருந்தது. நீ அந்த ஹெட்போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். அதன் விலையை நான் கேட்கவில்லை. கேட்டால் தொடவே பயந்திருப்பேன். இரண்டு பக்கமும் கறுப்புக் கம்பிவலை, உள்ளே பார்த்தால் உட்பாகம் மங்கலாகத் தெரிந்தது. பின்பக்க மூடி தொலைந்துபோன பொருளை எனக்குத் தருகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை நாகரிகமாக எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "இது ஓப்பன் பேக்குப்பா. மூடி கிடையாது. உங்களுக்குன்னுதான் இத விட்டுட்டுப் போறேன். காத அடைக்காது. கேட் சத்தம் கேக்கும், அம்மா கூப்பிட்டா கேக்கும். நீங்க பயப்பட வேணாம்." அந்தக் கடைசிச் சொல்லை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். உன் அப்பா எதற்கெல்லாம் பயப்படுவான் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிற வயதுக்கு நீ வந்துவிட்டாய். நீ பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன வருடங்களில், நீ போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பும் வரைக்கும் நான் காலைப் பசியாறமாட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி ஹெட்போன். நான் எதையும் ஒழுங்கு வைத்துத்தான் செய்வேன். ஒரே நாற்காலி, ஒரே மூன்று இசைத்தட்டுகள், ஆம்ப் பெட்டியின் குமிழ் எப்போதும் ஒரே கோட்டில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் நம் பெர்மாஸ் ஜெயாத் தெருக்களை விட்டுப் போய்த் தெரு அடங்கும் நேரம். தலையில் வைத்தால் கனம் தெரியவில்லை, கழற்றும்போதுதான் கழுத்துக்குத் தெரிகிறது. காதைச் சுற்றும் பஞ்சணை துணியால் ஆனது, தோல் இல்லை. அது நல்லது, நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தோல் என்றால் வழுக்கியிருக்கும். பழைய ஹெட்போன்களில் பாடுகிறவர் என் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுவார், எனக்கு அது பிடிக்காது. இதில் அப்படி இல்லை. பாடகி எனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் உட்கார்ந்திருந்தாள். தம்பூரா அவளுக்குப் பின்னால். மிருதங்கக்காரர் வலப்பக்கம் ஒதுங்கி. அவள் பாட ஆரம்பிப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஹெட்போனைப் பிடுங்கி எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று. இத்தனை வருடம் கேட்ட தட்டு அது. அதற்குள் ஒரு மனுஷியின் மூச்சு இருந்தது எனக்குத் தெரியாது. நீ எழுதச் சொன்ன அனுபவத்தில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று அன்றைக்கு மகிழ்ச்சியாக நினைத்தேன்.

திறந்த முதுகின் குணத்தை உன் அம்மாதான் எனக்குக் கற்பித்தாள். வெளியில் இருப்பது உள்ளே கேட்கும் என்று நீ சொன்னாய். உள்ளே இருப்பது வெளியே போகும் என்பதை நீ சொல்லவில்லை, அல்லது சொல்லி நான் கவனிக்கவில்லை. நான் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, "அந்தப் பொம்பளைய விடுங்களேன், தொண்டை வத்திப்போச்சு அவளுக்கு" என்றாள். அவளுக்கு அது கொசு பாடுவதுபோல் மெலிதாகக் கேட்கிறதாம். அன்றிலிருந்து நான் பாட்டுக் கேட்பதை அவள் கொசு வளர்ப்பது என்றுதான் சொல்கிறாள்.

அந்தப் பாடகி நகர ஆரம்பித்தது தீபாவளிக்குப் பிறகு. எனக்கு நேர் எதிரே இருந்தவள் கொஞ்சம் இடப்பக்கம் போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது. நாளாக ஆக இன்னும் இடப்பக்கம். வலப்பக்க மிருதங்கக்காரர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நீ உயிராக வைத்திருந்த பொருளை நான் கெடுத்துவிட்டேன் என்ற பயம்தான் முதலில் வந்தது. கீழே போட்டேனா, ஈரக் கையால் தொட்டேனா என்று யோசித்தேன். உன்னிடம் சொல்லாமல் சோதித்துப் பார்த்தேன். இரண்டு பக்க வயரையும் கழற்றி மாற்றிச் செருகினேன். பாடகி நகரவில்லை. பிறகு ஹெட்போனையே முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். வலப்பக்கக் கிண்ணம் பழுது என்றால் அந்தப் பழுது இப்போது என் இடக்காதுக்கு வந்திருக்க வேண்டும், அவள் வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடப்பக்கமே இருந்தாள். பொருளைத் திருப்பியும் குறை திரும்பவில்லை என்றால் குறை யாரிடம் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நான் எழுந்து போய், தட்டில்தான் குறை என்று வேறு தட்டு போட்டேன். பிறகு ஆம்ப் பெட்டியைத் துடைத்தேன். பிறகு மழைக்காலத்து ஈரம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை தெரிந்த பிறகும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு மனிதனால் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று நான் அப்போது பார்த்தேன். நீ ஒருநாள் இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால், துடைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த நாட்களில்தான் நீ பொங்கலைப் பற்றிப் பேசினாய். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் போனை வழக்கம்போல் வலக்காதில் வைத்திருந்தேன். வேலை, குளிர், கயலின் புது வகுப்பு என்று எல்லாம் சொல்லிவிட்டு, "பொங்கலுக்கு வரலப்பா" என்றாய். நான் கேட்டது "பொங்கலுக்கு வரலாம்ப்பா." என் சந்தோஷத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "ரொம்ப நல்லது" என்று சொன்னேன் போலிருக்கிறது. வரவில்லை என்று சொன்ன மகனிடம் ஒரு தகப்பன் ரொம்ப நல்லது என்றால் அவன் என்ன நினைப்பான்? நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அன்று மாலையே உன் அறைத் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டு, பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் வீட்டில் முதல் இரண்டு நாள், நம் வீட்டில் மீதி என்று பங்கு பிரித்தாள். பெற்ற மகள் தன்னிடம் சொல்லாமல் மாமியாரிடம் முதலில் சொன்னாள் என்று அந்த அம்மாவுக்கு வருத்தம். அவர் கயலைக் கூப்பிட்டுக் கேட்க, கயல் நம் வீட்டுக்குப் போன் போட்டு, "அத்தை, நாங்க வரலன்னுதானே சொன்னோம்" என்று அழாத குறையாகச் சொன்னாள். லைன் கோளாறு என்று நான் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். நீ உன் போன் சரியில்லை என்று என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாய். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது திருப்பித் தருகிறேன். உன் போன் சரியாகத்தான் இருந்தது. அம்மா துவைத்த திரைச்சீலைகளை மறுபடி மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வரலன்னு சொன்னத வரலாம்னு வந்து சொல்லியிருக்கீங்க. கோர்ட்லயும் இப்படித்தான் சொல்லிட்டு வந்தீங்களா?" விளையாட்டாகத்தான் சொன்னாள். வருத்தம் தாங்காமல் சொன்ன விளையாட்டு. அவள் அடுத்த கொக்கியை மாட்டப் போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்தச் சொல் என்னை ஏன் அப்படித் தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விசில் கதை. நீ இங்கே விட்டுச்சென்ற கணினியில் ஹெட்போனைச் சோதிக்க நீ வைத்திருந்த ஓசைகள் ஒரு தொகுப்பாக இருந்தன. அதில் ஒன்று கீழே உறுமலில் தொடங்கி மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போய் விசிலாக மெலியும். வலக்காதுக்கு மட்டும் என்று அதில் ஒரு வகை. திரைச்சீலை மாட்டிய மறுநாள் மதியம், இடக்காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அதைப் போட்டேன். உறுமல் கேட்டது, ஏறியது, ஓரிடத்தில் நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று உட்கார்ந்திருந்தேன். மேசையிலிருந்து அம்மா என்னைப் பார்த்து வாயசைப்பது தெரிந்தது. பஞ்சை எடுத்தேன்.

"அந்த விசில நிறுத்துங்க, பல்லு கூசுது."

"நின்னுடுச்சே" என்றேன்.

"எங்க நின்னுச்சு? எனக்குக் கேக்குதே."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஹெட்போன் என் தலையில் இருக்கிறது, அவள் கூடத்தின் மறுகோடியில் இருக்கிறாள். நான் கணினித் திரையைப் பார்த்தேன். கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்து, வலப்பக்கக் கிண்ணத்தைத் தன் காதருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு என் இடக்காதருகே பிடித்தாள். எனக்கும் கேட்டது, ஊசிபோல. வலக்காதுக்குக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. மறுபடி இடக்காது, மறுபடி வலக்காது. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. "எத்தன நாளா இப்படி?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை, தம்பி. என் பயம் முழுக்க அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

ஓய்வு பெறும் வரைக்கும் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். மலாயில் ஜுருபாஹாசா என்பார்கள். தமிழில் சொல்லப்படும் சாட்சியத்தை மலாயில் நீதிபதிக்குச் சொல்வது. நீ சின்ன வயதில் என் வேலையை, "அப்பா கேட்டுட்டுத் திருப்பிச் சொல்வாரு" என்று உன் ஆசிரியையிடம் விளக்கினாய். அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இல்லை என்ற சொல் முன்னாலேயே வந்து நின்றுவிடும், கேட்பவன் தயாராகிவிடலாம். நம் மொழியில் ஒருவர் பார்த்தாரா பார்க்கவில்லையா, கொடுத்தாரா கொடுக்கவில்லையா என்பது சொல்லின் வாலில் இருக்கிறது. பயந்த சாட்சிக்குக் குரல் வாலில்தான் இறங்கும். அதனால் நான் எப்போதும் கடைசி எழுத்து விழும்வரை காத்திருப்பேன். பெக்கான் நானாஸ் பக்கத்துத் தோட்டத்தில் நடந்த ஒரு கைகலப்பு வழக்கில் ஒருவர் சொன்னது "அடிச்சேன்" என்றா "புடிச்சேன்" என்றா என்று எனக்குச் சரியாக விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சந்தேகம். மூன்றாம் தரம் அவர் கைகளை நீட்டிக் காட்டி, "புடிச்சேன் சார், விலக்கி விடத்தான் புடிச்சேன்" என்றார். அவர் விடுதலையாகி வீட்டுக்குப் போனார். நீதிபதி என்னைப் பார்த்து, நீங்கள் மிகவும் கவனமான ஆள் என்று மலாயில் சொன்னார். அந்தப் பாராட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் சொன்னேன். அது ஓய்வுக்கு முந்திய வருடங்களில் நடந்தது.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அந்தக் கடைசி வருடங்களில் நான் மறுபடி சொல்லச் சொல்வது கூடிக்கொண்டே வந்தது. அதைக் கவனம் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். சாட்சிக் கூண்டு எனக்கு வலப்பக்கம் இருந்தது. சந்தேகம் வந்தபோது கேட்டேன், சரி. சந்தேகமே வராமல் தெளிவாகத் தவறாகக் கேட்டிருந்தால்? பொங்கலுக்கு நீ வருவதாக நான் கேட்டது எனக்கு எவ்வளவு தெளிவாக இருந்தது. துளி சந்தேகம் இல்லை. யாராவது சொல்லாததைச் சொன்னதாக நான் மொழிபெயர்த்திருந்தேனா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இந்தக் குறை அப்போதே இருந்ததா, ஓய்வுக்குப் பிறகு வந்ததா என்று பிறகு காதைச் சோதித்த டாக்டரிடம் கேட்டேன். பின்னோக்கிச் சொல்ல முடியாது என்றார். கூண்டில் நின்றவர்களின் முகங்கள் வருகின்றன, தம்பி. பல் தேய்க்கும்போது வருகின்றன. குற்றம் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு ஆதாரம் இல்லை, செய்யவில்லை என்று சொல்லவும் இல்லை. இப்படி இரண்டுக்கும் நடுவில் எப்படி உட்கார்ந்திருப்பது என்று உன்னிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். உனக்கு என்ன தெரியும், பாவம்.

டாக்டரிடம் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். ஜோகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனை, காது மூக்கு தொண்டைக்கு ஒரு சீனப் பெண் டாக்டர், மெதுவாகப் பேசுகிறவர். சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வயதால் குறைவது இரண்டு காதிலும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குறையும், ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் ஏன் என்று பார்த்தாக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சிறிய டியூமர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் அது பெரும்பாலும் புற்று வகை இல்லை, ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் எதுவும் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம், மிச்சம் இருக்கும் செவிப்புலனும் போய்விடலாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். நரம்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம், வயசான கோளாறாகத்தான் இருக்கும் என்றேன். லிப்டில் இறங்கும்போது அம்மா, "டியூமர்னா என்னான்னு எனக்குத் தெரியும்ங்க. அத நீங்க விட்டுட்டீங்க" என்றாள். என் வேலைக்காலம் முழுவதும் ஒரு சொல்லைக்கூட நான் தெரிந்தே விட்டதில்லை. முதன்முதலாக விட்டேன், பிடிபட்டேன். கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது அவள் என் வலப்பக்கம் வந்திருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, "மத்தியானத்துக்கு மீ கோரிங் வாங்கிட்டுப் போலாம், சமைக்க முடியாது என்னால" என்றாள்.

எம்.ஆர்.ஐ.க்கு நான் போகவில்லை என்று நினைக்காதே. போனேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பதால் அம்மாவை அந்தக் கதவுக்கு அப்பால் விடவில்லை. உள்ளே ஒரு மலாய்ப் பையன், மரியாதையான பிள்ளை, என்னைப் படுக்கவைத்துத் தலைக்கு மேல் கூண்டுபோல் ஒன்றை மூடினான். அதற்கு முன் இரண்டு காதிலும் அடைப்பு வைத்து, மேலே கெட்டியான காதுமூடியை மாட்டினான். உன் ஹெட்போன் மாதிரி இல்லை. அது முழுக்க மூடியது. அந்தக் கணத்தில் அறை இல்லாமல் போனது. குளிர்சாதனத்தின் ஓசை, அவன் செருப்பு, கதவுக்கு வெளியே அம்மா இருமுவது, எல்லாம் போனது. என் கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்திருந்தான், முடியாவிட்டால் அமுக்க வேண்டுமாம். படுக்கை உள்ளே நகர ஆரம்பிப்பதற்கு முன்பே அமுக்கிவிட்டேன். யாராவது என்னைக் கூப்பிட்டு நான் கேட்காமல் கிடப்பேனோ என்பதைத் தவிர வேறு எந்த எண்ணமும் எனக்கு அப்போது இல்லை. வெளியே வந்தபோது அம்மா சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகு என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். விழித்தெழும்போது எது கேட்கும் எது கேட்காது என்று தெரியாமல் தூங்க எனக்குத் தைரியம் இல்லை. தேதியைத் தள்ளி வைத்திருக்கிறேன். அவர்கள் ஒருதரம் போன் செய்து கேட்டுவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை நான் முதலில் வேறு மாதிரி முடித்திருந்தேன். கவலைப்படாதே, வேலையைப் பார், இதற்காக விமானம் ஏறாதே, துணைக்கு உன் மாமா இருக்கிறார் என்று எழுதியிருந்தேன். மாமா வருவதாகச் சொன்னதும் உண்மை. ஆனால் உன் மாமா பக்கத்தில் இருந்தால் எந்திரத்தையும் பேச விடமாட்டார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். நீதிமன்றம் பற்றிய பகுதியில் நிறுத்தி, திரைச்சீலை மாட்டும்போது தான் சொன்னதை நினைத்துக்கொண்டு அதை இன்னொரு தரம் படித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். "வேணாம் வேணாம்னு எழுதி வச்சிருக்கீங்க. அவன் அத நம்பிடுவான், பிள்ளைங்க நம்பிடும். உங்களுக்கு என்னா வேணுமோ அத எழுதுங்க" என்றாள். இத்தனை வருட வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நீயும் என் மகன்தான். உனக்கும் இந்தக் குணம் இருக்கக் கூடும். கயல் எப்போதாவது உன்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அவளை அனுப்பிவிடாதே. அதைக் கேட்டுப் பழகியவர்கள் பிறகு கேட்பதை விட்டுவிடுவார்கள்.

ஆகவே எழுதுகிறேன். அந்த மலாய்ப் பையன் என்னை எழுப்பி உட்காரவைத்தபோது ஒன்று சொன்னான். உடம்பில் உலோகம் எதுவும் இல்லாத ஒருவர் கூட வந்தால் உள்ளே உட்கார அனுமதிப்பார்களாம். தலை எந்திரத்துக்குள் இருக்கும், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயப்படுகிறவர்களுக்கு யாராவது காலைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், ஆள் இருக்கிறது என்று தெரியும், பேச வேண்டிய அவசியம்கூட இல்லை என்றான். எனக்கு அந்த ஆள் வேண்டும், தம்பி. உன் தேதியைச் சொன்னால் மருத்துவமனையில் அந்தத் தேதிக்கு எழுதிக்கொள்வார்கள். வர முடியாது என்றால் அதையும் சொல். நான் மாமாவோடு போகிறேன், சத்தியமாகப் போகிறேன். எதுவானாலும் போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு. இரண்டு மொழிகளுக்கு நடுவில் வாழ்ந்த எனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலைப் பிடிப்பது என்றால் நம் பேச்சில் கெஞ்சுவது என்று அர்த்தம். இங்கே கெஞ்சுகிறவன் நான், கால் பிடிக்க வேண்டியவன் நீ.

உன் அப்பா